நீ வந்து பார்க்காத சாய்தளம்

அன்புள்ள ரசமட்டத்துக்கு,

நலம், நலமறிய அவா என்று ஆரம்பிப்பதுதான் முறை. இங்கே நலம் இல்லை. உன் நலத்தை அறிய இன்றைக்கு எனக்கு அவாவும் இல்லை. பழக்கதோஷத்தில் "அன்புள்ள" என்று எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

போனில் அனுப்பினால் நீ பார்க்கிறாய், நீல டிக் விழுகிறது, பிறகு ஆடி அசைந்து இரண்டு வார்த்தை வருகிறது. அதனால்தான் காகிதம். கூரியர்காரன் உன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பான். கையெழுத்துப் போடுவதில்தான் நீ மன்னன் ஆயிற்றே, போட்டு வாங்கிக்கொள்.

முதலில் செய்தி. அக்காவின் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. உள்ளே தகடு வைத்து, கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறவள். இத்தனை வருஷத்தில் அதிலிருந்து ஒரு தடவைகூட விழுந்ததில்லை. பஸ்ஸில் ஏற்றியிருக்கிறோம், மணலில் இழுத்திருக்கிறோம், தள்ளுகிறேன் பேர்வழி என்று நம் ஆட்கள் பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள். விழவில்லை. விழுந்தது நீ சான்றிதழ் கொடுத்த சாய்தளத்தில்.

அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தை உனக்குத் தெரியும். பழைய கட்டடம், பின்வாசலில் சிலிண்டர் இறக்குகிற பக்கமாகப் போனால் ஒரு படிகூடக் கிடையாது, நேரே அவள் மைக்ரோஸ்கோப் வரை உருட்டிக்கொண்டு போய்விடலாம். அதை மூடிவிட்டுப் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று தரைத்தளத்தையே இடுப்பளவு தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். முன்பக்கம் படியும் கண்ணாடியும். பக்கவாட்டில், ஜெனரேட்டருக்கும் மதில்சுவருக்கும் நடுவில், உன் சாய்தளம்.

வரைபடத்தில் அது ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், நடுவில் ஒரு திருப்பம், உச்சியில் கதவுக்கு முன்னால் நாற்காலி நின்று மூச்சு வாங்கச் சமதளம். நான் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். கட்டும்போது இயக்குநரின் கார் நிற்க இடம் போதவில்லை என்று திருப்பத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது அது ஒன்றுக்கு ஏழு. நானே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், உன் பட்டப்பெயருள்ள அதே கருவியை. உச்சியில் சமதளம் இல்லை. கதவு வெளிப்பக்கமாக, சரிவின் மேலேயே திறக்கிறது. உனக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆத்திரம் கொஞ்சம் அடங்குகிறது. சரிவில் நிற்கிற நாற்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தால் கதவு முழங்காலில் வந்து முட்டும். முட்டாமல் இருக்கப் பின்னால் போக வேண்டும். அந்தச் சரிவில் பின்னால் போவதற்குப் பெயர் உருளுவது.

தனியாக ஏற முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. செக்யூரிட்டிகள் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, ஒருத்தர் கதவைத் திறக்க, இப்படித்தான் அன்று ஏறியிருக்கிறாள். அதற்குப் பிறகும் யாராவது தள்ளிவிட்டுத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. புதுக் கட்டடம் எப்படி என்று அம்மா கேட்டால், "ஏசி ஜாஸ்திம்மா, காது அடைக்குது" என்று அதை மட்டும் சொன்னாள். விழுந்த அன்று அங்கே இருந்தது வயதான செக்யூரிட்டி ஒருத்தர்தான். அவர் ஒரு கையால் நாற்காலியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கதவைத் திறந்திருக்கிறார். கை நழுவிவிட்டது. பாவம், அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிவிடுகிறார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. எனக்குக் கோபம் யார் மேல் என்று முகவரி எழுதித்தான் கூரியரில் கொடுக்கப்போகிறேன்.

நிர்வாக அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் எழுந்துகூட நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே வாசல் சுவரைக் காட்டி, "சார், இந்த பில்டிங் அக்ஸசிபிள்னு சர்டிஃபிகேட் வாங்கியிருக்கோம், போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே உன் கையெழுத்து. முதல் எழுத்தைப் பாம்பு மாதிரி நெளித்து, கடைசியில் ஒரு புள்ளி வைப்பாயே, அதே கையெழுத்து. அந்த ஆளோடு நான் இரண்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன் என்று அந்த அதிகாரியிடம் சொல்ல வாய் வரவில்லை.

நேரில் வந்து சோதித்தார்களா என்று கேட்டேன். "வீடியோ அனுப்பினோம் சார், அவங்க பார்த்துட்டு ஓகே பண்ணிட்டாங்க" என்று அந்த வீடியோவை என் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினார். ஆதாரமாம். டைல்ஸ் ஒட்டுகிற ஆளை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது வீல்சேரில் உட்கார வைத்து ஏற விட்டிருக்கிறார்கள். நல்ல தோள், நல்ல கை, முக்கால்வாசி ஏறிவிடுகிறான். அதற்கப்புறம் நாற்காலி நின்றுவிடுகிறது. அப்போது அவனுடைய இடது கால், நீலச் செருப்பு போட்ட கால், மிதிபலகையிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கித் தரையில் ஊன்றித் தள்ளுகிறது. ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. ஏறிவிட்டான். கேமரா பிடித்தவன் "சூப்பர்" என்கிறான்.

நீ அதைப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் எதற்குக் கையெழுத்து? பார்த்தாய் என்றால் எதற்குக் கையெழுத்து? எந்தப் பக்கம் போனாலும் எனக்கு அதே கேள்விதான் வருகிறது. கால் வேலை செய்கிறவன் காலை ஊன்றி ஏறினான். அதை வைத்துக்கொண்டு, கால் வேலை செய்யாதவர்கள் ஏறலாம் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

நம் பழைய ஆபீஸ் ஞாபகம் இருக்கிறதா, அல்லது அந்த வெளிநாட்டுக் குளிரில் அதுவும் உறைந்துவிட்டதா? லிஃப்ட், கிரேன், பாய்லர் என்று ஏறி இறங்கி இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுவோம். அதை இயக்குகிறவர்களுக்கு நாம்தான் தமிழில் சொல்ல வேண்டும். "இந்த மூடி ரிமூவபிள்" என்று நீ சொன்னதும் அந்த மாவு மில் லிஃப்ட்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "யாரு தம்பி கழட்டணும், நானா நீங்களா?" என்று கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ அதையேதான் பேசிக்கொண்டு வந்தாய். அந்த "ஏபிள்" என்கிற வால் லத்தீனிலிருந்து வந்தது, "முடியும்" என்று சொல்கிற வால் என்று அகராதி பார்த்துச் சொன்னது அக்காதான். சொல்லிவிட்டு, "வால் மட்டும் வந்திருக்கு, மாடு எங்கடா?" என்று சிரித்தாள்.

மறுநாளே நீ சட்டம் போட்டுவிட்டாய். "ஏபிள்" என்றோ "இபிள்" என்றோ முடிகிற எந்த வார்த்தையை ரிப்போர்ட்டில் எழுதினாலும் பக்கத்திலேயே தமிழில் எழுத வேண்டும்: யாரால், எதை வைத்து, தனியாகவா துணையோடா. எழுதாதவன் ஆபீஸ் முழுக்க டீ வாங்கித் தர வேண்டும். நீதான் அதிகமாக வாங்கித் தந்தாய். "நெக்ளிஜிபிள்" என்று எழுதிவிட்டு, "டேய் இதுக்குமா?" என்று கெஞ்சினாய். இதுக்கும்தான், யார் அலட்சியம் செய்யலாம் என்று எழுது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நான் போட்ட சட்டமாக இருந்திருந்தால் மறந்திருப்பாய், போகட்டும். போட்டவன் நீ. அந்தச் சான்றிதழில் அக்ஸசிபிள் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. போய்வர முடியும், சரி. யாரால் என்று ஒரு வரி இல்லை.

அவள் விழுந்ததைச் சொன்னபோது எனக்கு நீ அனுப்பிய பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். "ரிக்ரெட்டபிள்." அப்புறம் கீழே, "பட் டெக்னிக்கலி தி ராம்ப் இஸ் யூஸபிள்." யார் வருத்தப்படுவது? நீயா, உன் கம்பெனியா, இல்லை நான் வந்து உனக்குப் பதிலாக வருத்தப்பட்டுவிட்டுப் போகட்டுமா? கை உடைந்தது யாருக்கு என்று தெரிந்தும் அந்த மாதிரி ஒரு வார்த்தையை உன் விரல் எப்படி அடித்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இப்போது என்ன நடக்கிறது என்று கேள். கட்டடம் சான்றிதழ் வாங்கியது, அதனால் தவறு கட்டடத்தின் மேல் இல்லை, உதவிக்குப் போதிய ஆட்களைக் கூப்பிடாதது இவள் தவறு என்கிறார்கள். விசாரணை வைத்திருக்கிறார்கள். அதில் அப்படி முடிவானால் அவளை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, தெருவோரத்தில் மாதிரி வாங்கும் கவுன்டரில் உட்கார வைப்பார்களாம். அதுவும் "கம்பேரபிள்" வேலையாம். வருகிற குப்பிகளில் நம்பர் ஒட்டுகிற வேலை. இத்தனைக்கும் மெஷின் சந்தேகப்பட்டுத் தள்ளுகிற ஸ்லைடு எல்லாம் அவளிடம்தான் வருகிறது. டாக்டர்கள் போன் செய்து, மெஷின் என்ன சொல்லுச்சுன்னு சொல்லாதீங்க, மேடம் என்ன சொன்னாங்க என்று கேட்கிறார்கள். அந்த இடத்துக்கு வர அவள் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் சான்றிதழைத் திரும்பப் பெறு. நேரில் பார்க்காமல் கொடுத்தேன், செல்லாது என்று விசாரணைக் குழுவுக்கு நீயே எழுது. நான் எழுதினால் தம்பி பாசத்தில் எழுதுகிறான் என்று ஓரம் கட்டிவிடுவார்கள். கையெழுத்து யாருடையதோ அவன்தான் எழுத முடியும். மட்டம் வைத்து எடுத்த படங்களை இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. என் நண்பர்கள் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நீ ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "ஏங்க", "வாங்க", "பார்த்தீங்களா". எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தீர்கள், இரண்டு பேருமே. கடைசியாக வந்த அன்று மொட்டை மாடிப் படியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. அடுத்த மாதம் வெளிநாடு. உங்கள் வீட்டில் "சூட்டபிள்" இல்லை என்று சொல்லியிருப்பார்கள், நீயும் தலையாட்டியிருப்பாய். நான் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும்.

அம்மா உன்னை விசாரித்தாள். அந்தக் கையெழுத்து உன்னுடையது என்று அவளுக்குச் சொல்லவில்லை. உனக்காக அல்ல. அவளுக்கு ரத்தக்கொதிப்பு.

பதில் எழுது. முழு வாக்கியமாக எழுது.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த அவசரக்குடுக்கை

*

ரசமட்டத்துக்கு,

உன் பதில் மெயிலில் வந்தது. கூரியருக்கு நேரம் இல்லை என்பதால் நானும் இதைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். விசாரணை வருகிற புதன்கிழமை என்று சொல்லிவிட்டார்கள்.

உன் மெயிலை நின்றுகொண்டு படித்தேன், உட்கார்ந்து படித்தேன், இரண்டு விதமாகப் படித்தாலும் ஆத்திரம்தான் வந்தது. சான்றிதழைத் திரும்பப் பெற்றால் நீ கொடுத்த எல்லாச் சான்றிதழையும் கம்பெனி தோண்டும், உன் நிலைமை "வல்னரபிள்" ஆகிவிடும் என்கிறாய். அதற்குப் பதிலாக "அக்ஸசிபிள் வித் அசிஸ்டன்ஸ்" என்று ஒரு வரி சேர்த்து, பழைய தேதியிலேயே மாற்றிக் கொடுக்கிறேன் என்கிறாய். டேய், துணைக்கு ஆள் இருந்தால் பனைமரம்கூட ஏறலாம். அந்த ஒரு வரியை நீ சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? துணையோடுதான் ஏற வேண்டும் என்று சான்றிதழிலேயே இருக்கிறது, இவள் போதிய துணையைக் கூப்பிடவில்லை என்று அவர்கள் கேஸ் இன்னும் கெட்டியாகிவிடும். உதவி செய்கிறேன் என்று குழியை ஆழமாக்குகிறாய்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலை போனால் அந்த ஊரில் அடுத்த விமானத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தெரியும். ஆனால் நான் இன்று எழுத உட்கார்ந்தது அதைப் பேச இல்லை. உனக்குத் தெரியாத ஒன்று எனக்கு நேற்றுத் தெரிந்தது.

நடந்ததை விசாரணையில் வந்து சொல்லும்படி கேட்க அந்த வயதான செக்யூரிட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ஜெனரேட்டர் அறை நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் வைத்த கவளத்தை முழுங்கிவிட்டு, "தம்பி, நான் சொன்னா மேடம் கோவிச்சுப்பாங்க" என்றார். என்ன கோபம் என்று துருவினேன்.

முதல் நாள் மூன்று பேராகத் தூக்கி ஏற்றி உள்ளே கொண்டுபோனதும், இது சரியில்லை, கேட் புத்தகத்தில் எழுதி மேலே அனுப்புகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவளும் சரி, எழுதுங்கள் என்றிருக்கிறாள். அப்போது வாசல் சுவரில் சான்றிதழ் மாட்டிய அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தள்ளுங்கள் என்றிருக்கிறாள். கழுத்தை உயர்த்திப் படித்தாளாம், ரொம்ப நேரம். அப்புறம் சிரித்துக்கொண்டே, "எழுத வேணாம்ணே, தெரிஞ்சவங்க கையெழுத்து" என்றாளாம்.

அன்றிலிருந்து அவள் மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே வர ஆரம்பித்திருக்கிறாள். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று நான் கேட்டபோது, காலை வெளிச்சத்தில் ஸ்லைடு நன்றாகத் தெரியும் என்றாள். மைக்ரோஸ்கோப்புக்கு உள்ளேயே விளக்கு இருக்கிறது. எனக்கு அது உறைக்கவில்லை. தன்னைத் தள்ளி, முக்கி, தூக்கி ஏற்றுவதை அங்கே யாரும் பார்த்துவிடக்கூடாது, பார்த்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் அந்தச் சட்டத்தைக் கழற்றுவார்கள், உன் பெயர் அடிபடும். அதற்காகத்தான் சீக்கிரம் போனாள். அந்த நேரத்துக்கு வாசலில் ஒரே ஒரு செக்யூரிட்டிதான் இருப்பார். ஒரே ஒருத்தர் இருந்ததால்தான் அவர் ஒரு கையை எடுத்துக் கதவைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சத்தம் போட்டேன். நன்றாகவே போட்டேன். அம்மா பயந்துபோய் டிவியை அணைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். "உன்னை விட்டுட்டுப் போனவனுக்கு நீ எதுக்கு முட்டுக் கொடுக்கறே?" என்று அவளைக் கேட்டேன். அவள் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "அவன் எங்கடா விட்டுட்டுப் போனான், நான்தான் அனுப்பினேன்" என்றாள்.

அப்போதுதான் சொன்னாள். நீ கடைசியாக வந்த அன்று உங்கள் இரண்டு பேருக்குமான ஒரு வீட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாயாம். கைப்பிடி, சாய்தளம், குளியலறை, சமையல் மேடை உயரம், எல்லாம் கச்சிதமாம். "எல்லாம் இருந்துச்சு. நான் எங்க உட்காரணும்னுகூட அவனே வட்டம் போட்டு வச்சிருந்தான். எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்கலை" என்றாள். "என்னை வரைஞ்சு முடிச்சுட்டு வந்து காட்டாதே, போ" என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். இன்னொரு தடவை வந்து கேட்பாய் என்று நினைத்தாளாம். நீ கப்பல் ஏறிவிட்டாய். அவளும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் நல்ல ரோஷக்காரர்கள், வாழ்க.

ஆக, அந்த விஷயத்தில் நான் உன்னைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். "சூட்டபிள்" என்று நான் எழுதிய வரியை அடித்துவிடு. உங்கள் வீட்டாரையும் இழுத்துப் பேசிவிட்டேன், அதற்கும் சேர்த்து. சான்றிதழுக்காகத் திட்டியது அப்படியே நிற்கும். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் எடுக்க மாட்டேன்.

உன்னைக் காப்பாற்ற அவள் சொல்கிற நியாயத்தையும் கேள். "அவன் நேர்ல வந்திருந்தா கையெழுத்துப் போட்டிருக்கவே மாட்டான்டா. இந்த ஊருக்கு வரவேண்டாம்னுதான் வீடியோ கேட்டிருப்பான். வரமுடியாம பண்ணினது நான்" என்கிறாள். நான் கேட்கிறேன், அது உண்மையா? உன் கம்பெனி வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். பக்கத்து ஊரில் ஆள் இருக்கிறான். அதைக் கேட்காமல் நீ வீடியோ போதும் என்றதற்குக் காரணம் சோம்பலா, இல்லை அவள் சொல்கிறதா? எனக்குச் சொல்ல வேண்டாம். எதுவாக இருந்தாலும் ஒன்றுக்கு ஏழு ஒன்றுக்குப் பன்னிரண்டு ஆகாது. நாளைக்கு அதே வாசலுக்கு இன்னொருத்தர் ரத்தம் கொடுக்க வருவார், வீல்சேரில். அவருக்கும் உனக்கும் எந்தக் கதையும் கிடையாது. அவரும் உருளுவார்.

இனிமேல்தான் முக்கியம். செக்யூரிட்டியின் வாயை அவள் அடைத்துவிட்டாள். "அண்ணே, உங்க மேலயும் பழி வராம நான் பார்த்துக்கறேன்" என்று அவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். புதன்கிழமை விசாரணையில், "சாய்தளத்தில் குறை ஒன்றும் இல்லை, சீக்கிரம் போக வேண்டும் என்று நான்தான் ஆட்களுக்குக் காத்திருக்காமல் ஏற்றச் சொன்னேன்" என்று சொல்லப்போகிறாள். சொன்னால் முடிந்தது. அவளே ஒப்புக்கொண்டாள் என்று எழுதிக்கொள்வார்கள், கையோடு கவுன்டருக்கு அனுப்பிவிடுவார்கள், கட்டு பிரித்த பிறகும் அந்த மைக்ரோஸ்கோப் பக்கம் போக முடியாது. நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். உனக்கு என்னடா தெரியும் என்கிறாள். வீட்டில் யார் பேச்சையும் கேட்கிற ஜாதி இல்லை என்று உனக்கே தெரியும். அவள் சொல்லி முடித்த பிறகு நீ நூறு கடிதம் எழுதினாலும், அவளே இப்படிச் சொன்னாளே என்று அதை எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு முன்னால் வர வேண்டும் உன் எழுத்து. பழைய தேதி போட்டு வேண்டாம், உண்மையான தேதி போட்டு.

உன் வேலை போனால் இங்கே வா. நான் இருக்கிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள், கிரீஸும் அழுக்கும்தான், ஆனால் எதையும் நேரில் போய்த் தொட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை வராது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மற்றதை அவளும் நீயும் பேசிக்கொள்ளுங்கள், என்னை நடுவில் இழுக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் அவள் அம்மாவை எதிரில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியாது, ஏதோ ஆபீஸ் பேச்சு என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். "தவறு என்னுடையதுதான் சார்." அக்காவுக்குப் பொய் சொல்ல வராது, உனக்குத் தெரியும், நாக்கு குழறும், சிரித்துவிடுவாள். முதலில் சிரித்தாள். அப்புறம் பாதியில் நின்றாள். இப்போது சொன்னது தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது. திரும்பவும் சொல்கிறாள். இன்னும் நன்றாக வருகிறது.

நான் உன்னிடம் கெஞ்சுகிற ஆள் இல்லை. புதன்கிழமைக்கு முன்னால் எழுதிவிடுடா.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
அவசரக்குடுக்கை